விதையில்லாச் செடி

பசுபிக் சமுத்திரத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் பீஜித் தீவுகளிற் பெரியது வீத்தி லேவு. அதன் மேற்குக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்புத் தோட்டங்கள். நாந்தி நகரில் சிவசுப்பிரமணியர் ஆலயம். 1903ஆம் ஆண்டு முதல் 1916ஆம் ஆண்டு வரை சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராகக் கப்பலேறிய தென்னாட்டு மக்களின் வழிவந்தோர் அங்கு இன்றும் வாழ்கின்றனர். கரையோரச் சாலை வழியே கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லக் கரும்பு குறைந்து மழையும் காடும் மிகுகின்றன. தலைநகரான சூவா இப்பக்கத்திலேதான் உள்ளது.

சூவாச் சந்தையின் மேல்மாடியில் ஏறினோம். மண்ணிறமான உலர்ந்த வேர்கள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. இவைதாம் பீஜியர் 'யங்கோனா' என்றும், ஏனைய தீவினர் பலர் 'காவா' என்றும் வழங்கும் செடியின் வேர்கள். இவற்றை இடித்துத் தூளாக்கி, நீரிற் கரைத்து, மரத்தாற் செய்த அகன்ற பாத்திரத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் முகந்து விருந்தினருக்கு அளிப்பர். வாங்குபவர் ஒருமுறை கைதட்டி, 'பூலா' என வாழ்த்துக் கூறி, ஒரே மூச்சிற் பருகி, மும்முறை கைதட்டுதல் மரபு. இது புளிக்கவைத்த மதுவன்று. நாவு சிறிது மரத்துப்போகும். உடல் தளர்ந்து மனம் அமைதியுறும். நம்மவரின் சந்ததியினரும் இப்பழக்கத்தை மேற்கொண்டுள்ளனர்.

சூவாவுக்கு வடக்கே ஒரு மலைச்சரிவில் இச்செடியை நேரிற் கண்டோம். வெற்றிலைத் தோட்டங்களை அறிந்தோர் இதன் இலையைக் கண்டதுமே உறவைக் கூறிவிடுவர். அதே இதய வடிவம்; தண்டிலே பருத்த கணுக்கள். மிளகு, வெற்றிலை, திப்பிலி ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இது கொம்பைப் பற்றி ஏறும் கொடியன்று. ஆளுயரத்துக்கும் மேலாகத் தன் காலிலேயே நிற்கும் சிறுமரம் போன்ற செடி. கப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்திற் கலந்துகொண்ட ஜோர்ஜ் போர்ஸ்டர் 1786இல் இதற்குப் 'பைப்பர் மெதிஸ்டிக்கம்' என்று பெயரிட்டார். மயக்கந் தரும் மிளகு என்பது அதன் பொருள்.

இச்செடியின் பெரும் புதுமை யாதெனில், இது விதையின்றி வாழ்வதேயாகும். ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு செடிகளில் தோன்றும். பெண்செடி காண்பதரிது. கையால் மகரந்தம் சேர்த்தாலும் காய் உண்டாவதில்லை. பெரும்பாலான உயிர்களின் உயிரணுவில் நிறமூர்த்தங்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, இதிலோ பத்துத் தொகுதிகளாக 130 உள்ளன. வனுவாத்துத் தீவுகளில், காட்டினமான உறவுச் செடி ஒன்றிலிருந்து மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்தமையால் இது தோன்றியது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

ஆகவே, பறவையோ காற்றோ அலையோ இதைத் தீவுக்குத் தீவு பரப்பவில்லை. பண்டைக் கடலோடிகள் தம் தோணிகளிற் சுமந்து சென்ற தண்டுத் துண்டுகளே அவாய் வரை இதனைக் கொண்டு சேர்த்தன. தாய்மண்ணைப் பிரிந்து கடல் கடந்து வேரூன்றியது மனிதர் மட்டுமன்று.

வேரே பயன்படுவதால், அறுவடை என்றால் செடியையே பிடுங்குதலாகும். வேர் முதிர மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். பிடுங்கியவர் கணுக்களை வெட்டி மீண்டும் நடாவிடின் அச்செடியின் வழி அன்றோடு முடிந்துவிடும். 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில் வீசிய வின்ஸ்டன் சூறாவளி தோட்டங்கள் பலவற்றை அழித்தது. வேரின் விலை உயர்ந்தது. விலை உயரும்போது இளஞ்செடியைப் பிடுங்கும் ஆசையும் உயர்கின்றது. மேலும், ஒரு தண்டின் வழிவந்த செடிகள் யாவும் ஒரே இயல்பின. ஆதலால் வைரசு நோய் ஒன்றைப் பற்றினால் மற்றவையும் தப்புவது அரிது.

நாம் கண்ட தோட்டக்காரர் ஒரு செடியை அகழ்ந்தெடுத்தார். வேரைக் கழுவுமுன், தண்டைக் கணுக்கணுவாக நறுக்கி ஈரமண்ணிற் பதித்தார். பின்னரே வேரின்பால் திரும்பினார். காடு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் சில செடிகளுக்குக் காடும் இல்லை, விதையும் இல்லை. அவற்றை எடுத்துக்கொள்ளும் கையே திருப்பி நடவும் வேண்டும்.