கைதடிச் சந்தி

2025 ஜூன் மாதம். காலை எட்டேகால். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து கொடிகாமம் போகும் மினிபஸ்ஸில், பின் சீட்டில் ஜன்னலோரம் நான். உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து ஒரு மாதம். சுவரொட்டிகளில் வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே வெயிலில் வெளிறிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்தில் சிவப்பு இ.போ.ச. பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. அது மத்திய அரசினுடையது. எங்கள் மினிபஸ்ஸுக்கு வழித்தட அனுமதி மாகாணத்திலிருந்து. இரண்டு கொண்டக்டர்களும் ஒரே பயணியைக் கூவி அழைக்கிறார்கள்.

அந்தப் பயணி எங்கள் பஸ்ஸில் ஏறினார். எழுபதைத் தாண்டியவர். வெள்ளை வேட்டி. கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் கடிதங்கள். எனக்கு முன்சீட்டில் குழந்தையோடு இருந்த பெண் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"எங்கை ஐயா, வெள்ளண?"

"கைதடிக்குப் பிள்ளை, மாகாண சபைக்கு. எங்கட ஒழுங்கை முடியிற இடத்து மதகு இடிஞ்சு கிடக்கு. ஏழு மாரி பாத்தாச்சு. ஒழுங்கை பிரதேச சபையின்ரயாம், மதகு கிடக்கிற றோட்டு மாகாணத்தின்ரயாம்."

பஸ் ஏ-9 வீதியில் செம்மணியைக் கடந்தது. இந்த வீதி கொழும்பின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. வீட்டுப் படலையிலிருந்து இந்த இருக்கைவரை கிழவர் மூன்று அரசுகளின் தெருக்களில் வந்திருக்கிறார்.

கொண்டக்டர் ரிக்கற் கிழித்துக்கொண்டே சொன்னான்: "அங்கை ஒபிசர்மார் நல்ல ஆக்கள் ஐயா."

"நல்ல பிள்ளையள்தான். போன முறை கதிரை தந்து இருத்தி, காசு ஒதுக்கினால் செய்வம் எண்டு சொன்னது. அதிலைதான் கரைச்சல். நல்ல பிள்ளையைப் பேசேலாது. முந்தி எண்டால் மெம்பற்ற படலையிலை நிண்டு பேசிப்போட்டு வருவன்."

"அவை இருந்து மட்டும் என்னத்தைக் கிழிச்சவை? தீர்மானம் தீர்மானமாப் போட்டவை. பிறகு தங்கட முதலமைச்சருக்கே நம்பிக்கையில்லாப் பிரேரணை."

கிழவர் மறுக்கவில்லை.

"கிழிக்கேல்லைத்தான். ஆனா அடுத்த முறை வோட்டுப் போடாமல் விடலாமெல்லே?"

கொண்டக்டர் அதற்குப் பதில் சொல்லாமல் முன்பக்கம் போனான். அந்தப் பெண்தான் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நான் உதுக்கு வோட்டே போடேல்லை ஐயா. 2013 இலை எனக்குப் பதினேழு."

வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். 1987 இல் இலங்கை இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, பதின்மூன்றாவது திருத்தத்தோடு வந்தவை இந்த மாகாண சபைகள். 1988 இல் வடக்கும் கிழக்கும் ஒன்றாக ஒரு சபை. அது ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. வடக்கு தனக்கென்று ஒரு சபையைத் தேர்ந்தது 2013 செப்டெம்பர் 21 இல்தான். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38 ஆசனங்களில் 30. முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரன். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அடுத்த ஆண்டுக்குள் தெற்கிலும் மற்றச் சபைகள் எல்லாம் முடிந்தன. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. ஒன்பது மாகாணத்துக்கும் ஒரே கதிதான்.

காரணம் ஒரு சட்டச் சிக்கல். 2017 இல் பழைய தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை போய்விட்டது. புதியது வந்து சேரவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிறது, ஆஸ்பத்திரி நடக்கிறது, கோப்புகள் மேசை மாறுகின்றன. ஏன் என்று எழுந்து கேட்கும் 38 பேர் மட்டும் இல்லை.

நாவற்குழிப் பாலம் தாண்டியதும் கிழவர் உறையிலிருந்து கடிதத்தை எடுத்துச் சரிபார்த்தார். பழைய கடிதத்தின் போட்டோ கொப்பி. 2018 என்ற ஆண்டு வெட்டப்பட்டு 2025 ஆகியிருக்கிறது. மதகு பற்றிய வரிகளில் ஒரு சொல்லும் மாறவில்லை.

"கைதடி! கைதடி இறங்குங்கோ!"

வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். வீதியோரம் மாகாண சபைக் கட்டடம். வாசலில் அலுவலர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. பஸ் நகர்ந்தது.

கடிதத்தின் அடியில் நான் கண்டது இது. 'பிரதி: கௌரவ முதலமைச்சர்' என்ற வரியைப் பேனாவால் வெட்டி, மேலே 'கௌரவ ஆளுநர்' என்று எழுதியிருந்தார். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி.