தாத்தாவின் பெஞ்சு

ராகலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை.

இஸ்தோப்புக்கு வெளியே கிடக்கும் தாத்தாவின் பெஞ்சை உடைத்து விறகாக்கச் சொன்னாய். எனக்கு மனசு வரவில்லை. பலகை சவுக்கு; மழையும் பனியும் பட்டு ஒரு பக்கம் இற்றுவிட்டது, இனி ஆள் உட்கார முடியாது என்பது சரிதான். ஆனால் கால்களைப் பார். நானுஓயாவிலிருந்து 1904இல் ராகலைக்கு வந்த சின்ன ரயில் 1940களில் நின்றுபோன பிறகு கழற்றிய தண்டவாளத் துண்டுகள் அவை என்று தாத்தா சொல்வார். அந்த ரயிலை அம்மாகூடப் பார்த்ததில்லை. அந்தக் கால்களைப் போய்ப் பழைய இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட எனக்குக் கை வராது.

பலகையை அடுப்பில் வைக்கவும் கூடாது. பலகையில் இருப்பது அந்தக் காலத்துப் பச்சை எனாமல். 2013இல்தான் நம் நாட்டில் பெயின்டில் கலக்கும் ஈயத்துக்கு வரம்பு வைத்தார்கள். அதற்கு முந்தியதில் ஈயம் இருக்கலாம். எரித்தால் புகையோடு அது வீட்டுக்குள் வரும். இருமும் அம்மாவை வைத்துக்கொண்டு அந்தப் புகை நமக்கு வேண்டாம். காய்ந்தபடி தேய்த்துத் தூளையும் கிளப்பக்கூடாது. ஈரம் பண்ணிச் சுரண்டி, விழுவதைப் பேப்பரில் வாரிக் கட்டிவிட வேண்டும்.

நான் நினைத்திருப்பது இதுதான். பலகையில் இற்ற பக்கத்தை எடுத்துவிட்டால் அங்கே ஒரு இடைவெளி வரும். அதில் அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கலாம். விளிம்புப் பிரம்பு அவிழ்ந்திருக்கிறது, தலையில் மாட்டும் கயிறு உரசி உரசி ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. உள்ளே உரச் சாக்கு விரித்து, தண்ணீர் தேங்காமல் அடியில் ஓட்டை குத்தி, ஜெரேனியம் நடுவேன். மிஞ்சிய பலகையில் பெகோனியாப் பேணிகள். பெயின்ட் பட்ட பலகை என்பதால் கொத்தமல்லி, புதினா கிட்ட வராது, பூ மட்டும்தான். கால் மண்ணில் நின்றால் துரு ஏறும் என்று தட்டைக் கல் எடுத்து வைத்திருக்கிறேன். தை மாசத்து உறைபனிக்குப் பெகோனியா கருகிவிடும், அதனால் இடம் கூரைத் தகரத்துக்குக் கீழே சுவரோரமாக.

ஹக்கலைப் பூந்தோட்டமே 1861இல் மலேரியா மருந்துக்காகச் சிங்கோனா மரம் வைத்த இடம்தானே. அது இன்று ஊரே பார்க்க வரும் தோட்டமாகவில்லையா? நம் பெஞ்சும் அப்படித்தான்.

நம் ஆட்கள் இந்த மலைக்கு வந்து 200 வருசம் என்று 2023இல் எத்தனை கூட்டம் போட்டார்கள்! இந்த வாசல் மண்ணுக்கு நம்மிடம் இன்னும் உறுதி இல்லை. ஆனாலும் லயத்து வாசலில் டேலியாவும் ரோசாவும் வைக்காமல் நம் பொம்பளைகள் இருந்ததில்லை. அம்மா வைத்தாள், அப்பாயி வைத்தாள். நானும் வைப்பேன்.

துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்ற எனக்குக் கைப்பலம் போதாது. தீபாவளிக்கு வரும்போது உன் ஸ்பேனர் செட்டை மறக்காமல் எடுத்துவா.

அன்புடன்,
அக்கா