கந்தக வாசம்

சென்ற மாதம் அக்கா எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார். வந்ததும் வராததுமாகப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போய்விட்டார். தாமான் வீடுதான். இருக்கிற சின்ன இடத்தில் ஒரு பூசணிக் கொடியும் நாலு வெண்டைச் செடியும் போட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்த கை சும்மா இருக்குமா?

"ஏம்மா, இதைப் பார்த்தியா இல்லையா?" என்று அக்கா குரல் கொடுத்தார்.

போய்ப் பார்த்தேன். பூசணி இலைகளில் அரிசி மாவைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். பக்கத்து வீட்டில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அதுதான் தெறித்திருக்கிறது என்று ஒரு வாரமாக நினைத்துக் கொண்டிருந்தேன். அக்கா விரலால் தேய்த்துக் காட்டினார். மாவு விரலில் ஒட்டிக் கொண்டது.

"அப்பா இருந்திருந்தா இந்நேரம் கந்தகத்தைத் தேடிக்கிட்டுப் போயிருப்பாரு" என்றார்.

அந்த ஒரு சொல் போதும், ஐம்பது ஆண்டுகள் பின்னால் போய்விட்டேன்.

ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இன்று பல தோட்டங்களில் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் வெயில் காயும்போது பால்மரங்கள் சிவந்தும் மஞ்சளாகியும் இலை உதிர்க்கும். மொட்டை மரங்களுக்கு நடுவே லயத்திலிருந்து பார்த்தால் வானம் பெரிதாகத் தெரியும். பிறகு தளிர் வரும். பிஞ்சுத் தளிர் செம்பு நிறத்தில் மினுமினுவென்று தொங்கும்.

"இந்தச் செம்பு நிறத்துல இருக்கிற நாள்தான் மரத்துக்குக் கண்டம். பச்சையாகி முத்திட்டா அப்புறம் பயமில்லை" என்பார் அப்பா.

அந்தக் கண்டத்தின் பெயர் ஓய்டியம். நம் ஆட்கள் சாம்பல் நோய் என்றும் வெள்ளைப் பூச்சு என்றும் சொன்னார்கள். அது ஒரு பூஞ்சணம். காற்றில் பறந்து வந்து தளிரில் ஒட்டி, இலையின் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும். குளிர்ந்த இரவும் காலை மூடுபனியும் லேசான தூறலும் அதற்குக் கொண்டாட்டம். தளிர் சுருங்கி, காம்பை விட்டுக் கழன்று விழும். ஜாவாவில் 1918-இல் கண்ட நோய், 1925-இல் மலாயாவிலும் கண்டார்கள். நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியதும் அதே 1925-இல்தான்.

மருந்து கந்தகம். இதுவும் பழைய வைத்தியம்தான். 1845-இல் இங்கிலாந்தில் திராட்சைக் கொடிக்கு இதே மாதிரி வெள்ளை நோய் வந்தபோது கண்டவர் டக்கர் என்ற தோட்டக்காரர். கந்தகம்தான் அதை அடக்கியது. சில ஆண்டுகளில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களே படுத்துவிட்டன. அங்கேயும் கந்தகம்தான் காப்பாற்றியது. பெரிய படிப்பாளிகளுக்கு முன்னால் நோயைக் கண்டது மண்ணில் நின்ற ஒரு தோட்டக்காரரின் கண் என்பதை நினைத்தால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும்.

அப்பா பால்மரம் வெட்டுகிறவர். தளிர் காலத்தில் தூள் அடிக்கும் கூட்டத்திலும் பெயர் கொடுப்பார். விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். அப்போதுதான் காற்று அசையாது. பனியில் நனைந்த தளிரில் தூள் ஒட்டும். மோட்டார் உறுமினால் மஞ்சள் புகை மேலே போய் உச்சிக் கிளைகளில் தங்கும். ஏக்கருக்கு ஏறக்குறைய 10 பவுண்டு தூள். ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை என்று ஐந்தாறு முறை அடிக்க வேண்டும். எல்லா மரமும் ஒரே நாளில் துளிர்ப்பதில்லையே! கந்தகத் தூள் தீப்பிடிக்கும் என்பதால் பக்கத்தில் பீடி பற்ற வைக்கக் கூடாது.

அப்பா திரும்பி வரும்போது புருவம், காது மடல் எல்லாம் மஞ்சளாக இருக்கும். கண் சிவந்து நீர் வடியும். "குளிக்காம உள்ள வராதீங்க" என்று அம்மா வாளியோடு வாசலில் நிற்பார். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது. நான் அந்த வாசத்தில்தான் அப்பாவின் மடியில் தூங்கியிருக்கிறேன்.

1974-ஆம் ஆண்டு எனக்கு எட்டு வயது. அக்கா ஆறாம் வகுப்பு முடித்து, ஜனவரியில்தான் பட்டணத்துப் பள்ளியில் ரிமூவ் வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தார். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, இரட்டைப் பின்னல். பேருந்துக்குப் போகும் அக்காவை லயமே எட்டிப் பார்க்கும்.

அந்தத் தளிர் காலத்தில் ஒருநாள் அப்பா வேலை முடிந்து வந்தபோது கையில் ஒரு செம்பு இலை இருந்தது. அதன் அடிப்பக்கம் வெள்ளை படர்ந்திருந்தது. அன்றே மண்டோரிடம் காட்டினார். மண்டோர் கிராணியிடம் சொன்னார். "ஸ்டோரில் கந்தகம் இல்லை, அடுத்த வாரம் வரும்" என்று பதில் வந்தது. மறுநாள் பெரட்டில் அப்பா மறுபடியும் சொன்னார். "மரத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும், வெட்டுற வேலையைப் பாரு" என்றார்களாம்.

அடுத்த வாரமும் வந்தது, கந்தகமும் வந்தது. அதற்குள் தளிர் தரையில் கிடந்தது. மரங்கள் இரண்டாம் முறை மொட்டையாயின. மரமும் மனுஷர் மாதிரிதான். சேமித்து வைத்ததைச் செலவழித்து ஒருமுறை துளிர்க்கிறது. அதுவும் பறிபோனால் மறுபடி துளிர்க்க எதைக் கொண்டு வரும்? பால் வற்றியது. நிறைய வேண்டிய மங்கில் பாதிகூட இல்லை. பால் குறைந்தால் சம்பளமும் குறையும் அல்லவா? அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அதுவும் தீர்ந்தது. ஏப்ரல் மாதம் அக்காவின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. அம்மாவோடு நிரைக்குப் போய் மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் தொடங்கினார். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

நான் படித்தேன். அலுவலக வேலைக்கும் போனேன். அக்கா உழைத்த காசும் அதில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. அப்பா சாகும்வரை அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நேரே துரையிடம் போய்ச் சொல்லாமல் விட்டோமே என்று அவருக்குள் ஒரு புண் இருந்தது.

அன்று பூசணிக் கொடியருகில் நின்று, கேட்டே விட்டேன். "அக்கா, படிப்பு போச்சேன்னு உனக்கு வருத்தம் இல்லையா?"

அக்கா இலையைத் திருப்பிப் பார்த்துக் கொண்டே சொன்னார்: "இல்லேன்னு சொன்னா பொய். ஆனா அப்பா மேல எனக்கு ஒண்ணுமில்லை. அவரு பார்த்தாரு, பார்த்த அன்னைக்கே சொன்னாரு. கேட்கிற இடத்துல இருந்தவங்கதான் கேட்கலை. இதை நான் அவருகிட்ட சொல்லியிருக்கணும். அதுதான் என் வருத்தம்."

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அக்காவே, "சரி, கத்தரிக்கோலை எடு" என்றார்.

பூசணிக்கு வரும் பூஞ்சணம் வேறு, ரப்பருக்கு வருவது வேறு. ரோஜாவுக்கும், ஜப்பானில் இலை சிவக்கும் மேப்பிள் மரத்திற்கும் வருவது வேறு வேறு. ஆனால் குணம் ஒன்றுதான். பூசணி, வெள்ளரி இனங்களில் சிலவற்றைக் கந்தகம் கருக்கிவிடும். கடும் வெயிலில் அடித்தால் எந்தச் செடிக்கும் ஆபத்து. அதனால் நாங்கள் பாலை எடுத்துக் கொண்டோம். 1999-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர் பெட்டியோல் பூசணி இனச் செடியில் செய்து பார்த்த முறை இது. ஒரு பங்கு பசும்பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வாரம் ஒருமுறை, காலையில், இலையின் இரு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். மிகவும் கெட்டுப்போன அடி இலைகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டோம். நெருங்கிக் கிடந்த கொடியைக் காற்றோட்டமாக விலக்கிக் கட்டினோம். வெள்ளை படிந்த இலை பழையபடி ஆகாது; புது இலையைக் காப்பாற்றுவதற்குத்தான் இந்த வைத்தியம்.

மூன்று வாரம் ஆயிற்று. நுனியில் வந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றன. இரண்டு பிஞ்சு பிடித்திருக்கிறது. முதல் காய் அக்காவுக்குத்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுச் செடியில் வெள்ளைப் பொட்டு ஒன்றைக் கண்டால், என்னைப் போல் சுண்ணாம்பு என்று ஒரு வாரம் விட்டுவிடாதீர்கள். அன்றே இலையைத் திருப்பிப் பாருங்கள். வீட்டிலோ வேலையிலோ ஒருவர் கையில் ஓர் இலையோடு வந்து "இதைப் பாருங்கள்" என்றால், அவர் என்ன வேலை செய்கிறவர் என்று பார்க்காமல் இலையைப் பாருங்கள்.