ஃபார்மட் அடிக்காத அண்ணன்

"நெட்டு மட்டும் வரலை தம்பி. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

போனில் ஒரு அக்காவின் குரல் எனக்கே கேட்டது. சென்னை ரிச்சி தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். பழைய கம்ப்யூட்டர்களை மட்டுமே பார்க்கும் ஒருவரின் கடை அது. ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து அவர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்திருந்தேன். பேர் போட வேண்டாம் என்றார். அண்ணன் என்றே எழுதுகிறேன். விண்டோஸ் எக்ஸ்பி புதிதாக இருந்த காலத்தில் இந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்தவர்.

காலையில் முதலில் வந்தது, ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் போடுகிற ஒரு பெட்டி. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ராம் பட்டையை உருவினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண ரப்பரை எடுத்து, பட்டையின் ஓரத்துப் பொன்னிறக் கோடுகள் மேல் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். மங்கிக் கிடந்த கோடுகள் பளிச்சென்று ஆகின. துகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார். 'டக்'. திரை வந்துவிட்டது. கொண்டுவந்தவருக்கு மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம். "ரப்பர் போட்டுத் தேய்ச்சதுக்கு இருநூறா?" என்றார். அண்ணன் நூறு வாங்கிக்கொண்டார். பீப் எத்தனை, எவ்வளவு நீளம் என்று அவர் தலையைச் சாய்த்துக் கேட்டதை அந்த வாடிக்கையாளர் கவனிக்கவே இல்லை.

போனில் பேசிய அக்காவின் அழைப்பிதழ் அடிக்கும் கடை திருவல்லிக்கேணியில். வாலாஜா சாலை வழியாக நடந்தே போனோம். ஆடி முடியப் போகிற நேரம். ஆவணி முகூர்த்தங்களுக்குப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். உள்ளே விண்டோஸ் 7 போட்ட ஒரு பழைய பெட்டி. திரையின் மூலையில் நெட் குறியின் மேல் மஞ்சள் முக்கோணம்.

நெட் கம்பெனிக்காரர் வந்து வயரை மாற்றிப் பார்த்துவிட்டு லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாராம். அக்கா பையனின் நண்பன், "ஃபார்மட் அடிச்சிடலாம் ஆன்ட்டி, ஒரு மணி நேர வேலை" என்றானாம். நல்ல வேளை, அக்கா விடவில்லை.

அண்ணன் முதலில் நெட்டைத் தொடவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகி, அக்காவின் கோப்புகளையும் எழுத்துருக்களையும் நகல் எடுத்தார். அதன் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

செல்போனில் வைஃபை வந்தது. ஆகவே ரவுட்டரிலும் லைனிலும் குறையில்லை. பெட்டியின் பின்புறம், வயர் செருகிய இடத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது; வயரும் கார்டும் உயிரோடு இருக்கின்றன. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, பெட்டியின் முகவரியைப் பார்த்தார். 169.254 என்று ஆரம்பித்தது.

"ரவுட்டர் கொடுத்திருந்தா 192.168ன்னு வந்திருக்கணும் சார். 169ன்னா யாரும் கொடுக்கலை, தானே வெச்சிக்கிச்சின்னு அர்த்தம்."

முகவரி கேட்டு வாங்குவது டிஹெச்சிபி கிளையன்ட் என்ற சர்வீஸின் வேலை. சர்வீஸ் பட்டியலைத் திறந்தால், அது நின்று கிடந்தது. ஸ்டார்ட் கொடுத்தார். பிழை 1068. இந்த சர்வீஸ் நம்பியிருக்கும் வேறொன்று தொடங்கவில்லை என்பது அதன் பொருள். எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் நின்ற கல்யாண வீட்டுக்காரரைக் காட்டி அண்ணன் சொன்னார்: "பந்தியில சாம்பார் வரலைன்னு வெச்சுக்குங்க. பரிமாறுறவனைத் திட்டி என்ன பண்றது? சமையக்கட்டுக்குப் போய்ப் பாக்கணும். அங்க அடுப்பே பத்தாம இருக்கும்."

சமையற்கட்டுக்குப் போனார். அந்த சர்வீஸ் எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்ற பட்டியலில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொன்னதும், ஒன்றின் மேல் மட்டும் மஞ்சள் குறி. நெட்டில் பேசும் எல்லா மென்பொருளும் கடந்து போக வேண்டிய ஏஎஃப்டி என்ற டிரைவர். அதன் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

"போன வாரம் ஏதாவது வைரஸ் எடுத்தீங்களாக்கா?"

"ஆமா தம்பி, யாரோ பென் டிரைவ்ல போட்டுத் தந்தாங்க. இருபது வைரஸ் எடுத்திருக்குன்னு காட்டிச்சு."

பென் டிரைவில் வந்த வைரஸ் நீக்கும் மென்பொருள், தொற்றிய கோப்பு என்று டிரைவரையே நீக்கிவிட்டிருக்கிறது. விண்டோஸ் தன் கோப்புகளுக்குத் தன்னிடமே ஒரு பிரதி வைத்திருக்கும். எஸ்எஃப்சி என்ற கட்டளை அதிலிருந்து எடுத்து, காணாமல் போனதையும் கெட்டுப்போனதையும் திரும்ப வைக்கும். கட்டளையை அடித்துவிட்டுக் காத்திருந்தோம். அரை மணி நேரம் சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. டீ வந்தது.

அந்த நேரத்தில்தான், ஃபார்மட் அடிக்க அக்கா ஏன் ஒப்பவில்லை என்பதைக் கேட்டேன். அவர் பேஜ்மேக்கரில் ஒரு பழைய அழைப்பிதழைத் திறந்து, எழுத்துருவை மட்டும் மாற்றிக் காட்டினார். 'நிகழும் மங்களகரமான' என்று இருந்த வரி, ஒரு நொடியில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகச் சிதறியது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் அப்படித்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு போனால் பல வருட வேலையும் போனது. அவருடைய தமிழ் மென்பொருள் டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகினால்தான் ஓடும். அதை நிறுவும் சிடி எங்கோ தொலைந்துவிட்டது. எத்தனை அச்சகங்களில், எத்தனை ஊர் விழா மலர்கள் இப்படி ஒற்றைப் பெட்டிக்குள் இருக்கின்றன என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அந்த நண்பன் கேட்ட ஒரு மணி நேரத்தில் இவ்வளவும் அழிந்திருக்கும்.

ரீஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. முகவரி 192.168. ஆனால் குரோமில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்றது. அண்ணன் திரையின் கீழ் மூலையைப் பார்த்துச் சிரித்தார். தேதி 2010 ஜனவரி.

"டெய்லி காலையில இப்படித்தான் காட்டும். பில்லுல நான் கையால தேதி எழுதிடுவேன்" என்றார் அக்கா. இதற்கும் நெட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? ஒவ்வொரு தளமும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. 2010இல் நிற்கும் பெட்டிக்கு இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. மதர்போர்டில் நாணயம் போல இருந்த பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டரில் வைத்தார். 3 வோல்ட் இருக்க வேண்டியது 1.2தான் இருந்தது. புதியதைப் போட்டு, தேதியைத் திருத்தினார். அக்காவின் மெயில் திறந்தது.

கிளம்பும் முன் அண்ணன் ஒன்று சொன்னார். "விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுடுச்சுக்கா. குரோமும் 109க்கு மேல இதுல ஏறாது. மேட்டர் வாங்க, புரூஃப் அனுப்ப வெச்சுக்குங்க. பேங்க் வேலை மட்டும் இதுல வேணாம்."

பேட்டரிக்கு 40, வந்து பார்த்ததற்கு 300. அக்கா பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். "பிழை திருத்தினதுக்குத் தனியா காசு கேட்டா எங்கிட்டயும், பாத்ததுக்கெல்லாமா காசுன்னுதான் கேப்பாங்க" என்றார்.

உங்கள் வீட்டுக்கோ கடைக்கோ இப்படி ஒருவர் வந்து, தேவையில்லாமல் பாகம் எதையும் மாற்றாமல், எதையும் அழிக்காமல் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டுப் போனால், தயவுசெய்து அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.