பேரரசர் வைத்த சம்பள பாக்கி

ம்யூனிக்கிலிருந்து மெம்மிங்கன் செல்லும் ரயில், பூக்லோவைத் தாண்டிச் சற்று நேரத்தில் மிண்டல்ஹைமில் நிற்கிறது. நிலையத்திலிருந்து நடந்தே ஊருக்குள் போய்விடலாம். பழைய மதில்வாசல்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மாக்ஸிமிலியன் தெரு அகலமாக விரிகிறது. நகரமன்றக் கட்டடத்தில் கவசம் அணிந்த ஒரு பருத்த மனிதரின் சிலை. இவர்தான் கேயோர்க் ஃபொன் ஃப்ருன்ட்ஸ்பெர்க். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரே பழைய உடையணிந்து அவர் பெயரில் விழா எடுக்கிறது. விழாவில் கொண்டாடப்படும் வெற்றி வீரரைவிட, நடுவழியில் பேச்சிழந்துபோன கிழவரே என்னை இங்கே இழுத்து வந்தார்.

ஃப்ருன்ட்ஸ்பெர்க் குடும்பம் டிரோல் மலைநாட்டைச் சேர்ந்தது. 1467-இல் மிண்டல்ஹைமை விலைக்கு வாங்கிக் குடியேறியது. கேயோர்க் 1473-இல் இங்கே பிறந்தார். பேரரசர் மாக்ஸிமிலியனின் படையில் சேர்ந்து, 1504-இல் போர்க்களத்திலேயே வீரப்பட்டம் பெற்றார். அவர் வளர்த்தெடுத்த காலாட்படைக்கு லான்ட்ஸ்க்னெக்ட் என்று பெயர். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளும் மாதம் 4 குல்டன் கூலிக்குப் பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். கையில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீள ஈட்டி. சண்டைக்கு முன் மண்டியிட்டு வேண்டிக்கொள்வார்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துத் தோளுக்குப் பின்னால் எறிவார்கள். அதன்பின் திரும்பிப் பார்ப்பதில்லை. படைக்குள் அவர்களுக்கென்று நீதிமுறை இருந்தது, கூடிப் பேசும் வழக்கம் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. கூலி வராவிட்டால் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். ஃப்ருன்ட்ஸ்பெர்க் அவர்களைப் பிள்ளைகள் என்று அழைப்பார். அவர்கள் அவரைத் தகப்பன் என்பார்கள்.

1521-இல் வோர்ம்ஸ் பேரவைக்குள் நுழையவிருந்த மார்ட்டின் லூதரின் தோளைத் தட்டி அவர் தைரியம் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, லூதர் பக்கம் அவர் மனம் சாய்ந்திருந்தது உண்மை. ஆனாலும் கத்தோலிக்கப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காகவே கடைசிவரை வாள் பிடித்தார். 1522-இல் பிக்கோக்காவில் சுவிஸ் ஈட்டிப்படையை நொறுக்கினார். 1525 பிப்ரவரியில் பவியாவில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா சிறைபிடிக்கப்பட்டபோதும் களத்தில் இருந்தார்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் மீது மிண்டல்பர்க் கோட்டை. மரங்களுக்கிடையே ஏறும் பாதை செங்குத்தாக இல்லை. வயதானவர்களும் மெதுவாக ஏறுகிறார்கள். வானம் தெளிந்த நாளில் தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். அந்தத் திசையைப் பார்த்து நின்றபோது எனக்கு 1526 நவம்பர்தான் நினைவில் ஓடியது. இத்தாலியில் சிக்கியிருந்த பேரரசரின் படைக்கு உதவி வேண்டும். பணம்? சார்லஸிடமிருந்து போதுமான அளவு வரவில்லை. ஃப்ருன்ட்ஸ்பெர்க் தன் நிலங்களை அடமானம் வைத்தார், வீட்டு வெள்ளிச் சாமான்களையும் அடகு வைத்தார். ஏறக்குறைய 12,000 பேரைத் திரட்டினார்.

வழக்கமான கணவாய்களை எதிரிகள் அடைத்திருந்ததால் ஆட்டுப்பாதை போன்ற வழிகளில் மலை தாண்டினார்கள். ஐம்பதைக் கடந்த கனத்த உடம்பு அவருக்கு. அவருடைய செயலராக இருந்த ஆடம் ரைஸ்னர் பின்னாளில் எழுதிய வரலாற்றில் அந்த ஏற்றம் வருகிறது. பள்ளத்தின் விளிம்பில் வீரர்கள் தம் நீண்ட ஈட்டிகளைக் கைப்பிடிச் சுவர் போலப் பிடித்துக்கொள்ள, தளபதி அவற்றைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினாராம். அவர் புகழைச் சொல்ல எனக்கு அந்தக் காட்சி ஒன்றே போதும்.

அதே ஈட்டிகள் நான்கு மாதத்தில் அவரை நோக்கித் திரும்பின. 1527 மார்ச் நடுவில், பொலோன்யாவுக்கு அருகே சான் ஜொவான்னி என்ற இடம். பசி, மழை, கிழிந்த துணி, மாதக்கணக்கில் கூலி பாக்கி. படையைக் கூட்டிப் பேச வந்தவரைப் பேசவிடாமல் பணம், பணம் என்று கத்தினார்கள். ஈட்டி முனைகள் தாழ்ந்தன. அவர் தடுமாறினார், ஒரு முரசின் மேல் உட்கார வைத்தார்கள். பக்கவாதம். நா எழவில்லை. கூச்சலிட்டவர்கள் அப்போதே அடங்கிப்போனார்கள். அவரை ஃபெராராவுக்குத் தூக்கிச் சென்றார்கள். தகப்பன் இல்லாத படை, பேரரசரின் மற்றொரு தளபதியான போர்போன் பிரபுவின் பின்னால் தெற்கே நகர்ந்தது. மே 6-ஆம் நாள் ரோம் மதிலில் போர்போனும் விழுந்தார். பிறகு ரோம் சூறையாடப்பட்டது.

அந்தக் கொள்ளைக்கு மதவெறியைக் காரணம் சொல்பவர்கள் பலர். போப்பின் மேல் லூதர் பக்கத்து வீரர்களுக்கு இருந்த வெறுப்பு பொய்யில்லை. ஆனால் கத்தோலிக்க ஸ்பானியரும் இத்தாலியரும் சேர்ந்துதானே கொள்ளையடித்தார்கள்? முதல் குற்றவாளி சம்பளம் கொடுக்காத முதலாளி என்பதே என் எண்ணம். ஸ்பெயின் முதல் நெதர்லாந்து வரை ஆண்ட சார்லஸ் தன் கடனை ரோம் மக்களின் தலையில் கட்டினார்.

ஃப்ருன்ட்ஸ்பெர்க் ஓராண்டுக்கு மேல் இத்தாலியில் நோயாளியாகக் கிடந்தார். மகன் மெல்கியோர் 1528-இல் ரோமிலேயே இறந்தான். அதே ஆண்டு ஆகஸ்டில் தந்தையை இந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். சில நாட்களில் உயிர் பிரிந்தது. வாரிசுகளுக்கு வந்து சேர்ந்தது கடன்.

மறுநாள் மெம்மிங்கனுக்குப் போனேன். 1525 மார்ச்சில் கிளர்ந்தெழுந்த உழவர்கள் தங்கள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதிய ஊர் அது. பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும், பாதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஊராருக்கு வேண்டும் என்று பைபிளைக் காட்டிக் கேட்டார்கள். அவர்களை அடக்க அந்தக் கோடையில் வந்தவர்களில் பவியாவிலிருந்து திரும்பிய ஃப்ருன்ட்ஸ்பெர்க்கும் ஒருவர். அவருடைய ‘பிள்ளைகள்’ பலர் பிறந்தது இதே வட்டாரத்து உழவர் குடிசைகளில்தான். விழா எடுக்கும் மிண்டல்ஹைம் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.