நடுக்கம்பி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அண்டை அண்டையாக அமைந்த ஊர்கள் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். முன்னது நூற்பாலைகளால் பெயர் பெற்றது; பின்னது ஆண்டாள் தோன்றிய பதி; பதினொரு நிலைக் கோபுரத்தால் புகழ் பெற்றது. இராஜபாளையத்தில் 1936 ஆம் ஆண்டில் நூற்பாலை நிறுவனம் தோன்றியது. தென் மாவட்டங்களுக்கு ஒளியூட்டிய பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இன்று இவ்வூர்களில் நூற்கும் கதிரும், நெய்யும் தறியும், திருவிழா ஒலிபெருக்கியும் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. மின்சாரத்தைப் பயன்படுத்துவோர் பலர். அதன் பழுதறிந்து தீர்க்க வல்லார் சிலரே. அச்சிலருடைய தொழில் எத்தகைய அறிவையும் பொறுமையையும் வேண்டுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம்.

வீட்டிற்கு வரும் மின்சாரம் மாறுமின்னோட்டம் எனப்படும். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. வானொலியும் ஒலிபெருக்கியும் வேண்டுவதோ ஒரே திசையில் செல்லும் நேர்மின்னோட்டம். ஆகவே, மின்மாற்றி முதலில் 230 வோல்ட் அழுத்தத்தைக் குறைக்கும்; பின்னர் டையோடுகள் அதனை ஒரு திசைப்படுத்தும்; இறுதியில் மின்தேக்கி, கண்மாய் நீரைத் தேக்கி ஒரு சீராய் விடுவதுபோல, அலையை அடக்கிச் சமப்படுத்தும். சில கனிமப் படிகங்கள் மின்னோட்டத்தை ஒரு திசையிலேயே எளிதிற் செல்லவிடும் என்பதை 1874 ஆம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் பிரௌன் கண்டறிந்தார். 1904 ஆம் ஆண்டில் பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் வெற்றிடக் குழாய் டையோடை அமைத்தார். அவ்வாண்டிலேயே நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ், படிகத்தாலான அலையுணரிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஒலிபெருக்கிகள் சிலவற்றிற்கு நேர், எதிர் என இருவகை அழுத்தமும் வேண்டும். மின்மாற்றிச் சுருளின் நடுவிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, அதனையே பொது நிலையாகக் கொண்டால், ஒருபுறம் நேர் 16 வோல்ட்டும் மறுபுறம் எதிர் 16 வோல்ட்டும் கிடைக்கும். அந்த நடுக்கம்பியே இவ்வெடுத்துக்காட்டின் தலைவன்.

ஆடிப்பூரம் நெருங்கும் நாளில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இத்தகைய ஒலிபெருக்கி ஒன்று இராஜபாளையத்துப் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தது எனக் கொள்க. பேச்சுத் தெளிவாக இல்லை. ஒலி சிதைந்து கரகரத்தது. கடையில் தொழில் பழகும் இளைஞன் அழுத்தத்தை அளந்தான். நேர்ப்பக்கம் 22 வோல்ட். எதிர்ப்பக்கம் 11 வோல்ட். "குறைந்த பக்கத்தில்தான் பழுது" என்று முடிவு செய்து, எதிர்ப்பக்கத்து மின்தேக்கியை மாற்றினான், பயன் இல்லை. டையோடுகளை மாற்றினான், அப்போதும் 11 வோல்ட்டே காட்டியது. பாரங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு அளந்தபோதோ இருபக்கமும் 16 வோல்ட் காட்டின.

"ஐயா, மின்வழங்கியில் குறையில்லை. பழுது வேறெங்கோ இருக்கிறது" என்றான்.

முதியவர் புன்னகைத்தார். "கட்டுத்தறியில் நிற்கும் காளையைப் பார்த்து அதன் உழைப்பை அறிய முடியுமா, தம்பி? பாரத்தை ஏற்றிப் பார்" என்றார்.

அவர் எதிர்ப்பக்கத்தில் மட்டும் ஒரு சிறு விளக்கை இணைத்தார். அப்பக்கத்து அழுத்தம் தாழ்ந்தது. அதே நேரத்தில் நேர்ப்பக்கத்து அழுத்தம் உயர்ந்தது. விளக்கை நேர்ப்பக்கத்திற்கு மாற்றினார். இப்போது நேர் தாழ்ந்தது, எதிர் உயர்ந்தது.

"பாரம் ஏற்றிய பக்கம் தாழ்வது இயல்பு. பாரம் ஏற்றாத பக்கம் உயர்வானேன்?" என்று அவர் வினவினார்.

இளைஞன் சற்றுச் சிந்தித்தான். ஒரு பக்கத்து டையோடோ மின்தேக்கியோ கெட்டிருந்தால், குறை அப்பக்கத்தோடு நின்றிருக்கும். ஒருபுறத்துச் செயல் மறுபுறத்தை அசைக்கிறதெனில், இரண்டையும் தனித்தனியே நிறுத்தும் பொதுநிலை குலைந்திருக்க வேண்டும். மின்தொடர்பை நீக்கி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை ஒரு மின்தடை வழியே வடித்தபின், நடுக்கம்பியைச் சோதித்தான். பற்றாசு வைத்த இடத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு! அவ்வொரு துளி பற்றாசைப் புதுப்பித்ததும் இருபக்கமும் 16 வோல்ட்டில் நிலைத்தன.

நிகழ்ந்தது இதுவே. நடுக்கம்பி அறுந்ததும் இரு பாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடராகிவிட்டன. மொத்தம் ஏறத்தாழ 33 வோல்ட்டை அவை தம் தடைக்கேற்பப் பங்கிட்டுக் கொண்டன. 200 ஓம் தடையுள்ள பக்கம் 22 வோல்ட்டைப் பெற்றது. 100 ஓம் தடையுள்ள பக்கம் 11 வோல்ட்டைப் பெற்றது. பாரம் கழற்றப்பட்டபோது, இருபுறமும் நிலையாக இருந்த சமமான சிறு தடைகள் அழுத்தத்தைச் சரிபாதியாகப் பிரித்துப் பழுதை மறைத்தன. தேரின் இரு வடங்களையும் ஒத்த வலிமையோடு இழுக்கும்வரை தேர் நேரே செல்லும். ஒருபுறம் வலுத்தால் ஒதுங்கும். அப்போது அதனை நெறிப்படுத்துவது சக்கரத்தடியில் இடும் முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை இல்லாத குறை, சமமாக இழுக்கும்வரை ஒருவர் கண்ணிலும் படாது.

சிறு பெட்டியில் நிகழும் இக்கேடு தெருவிலும் நிகழ்வதுண்டு. மின்கம்பத்து நடுக்கம்பி அறுந்தால், வெவ்வேறு முனைகளில் இணைந்த இரு வீடுகள் ஏறத்தாழ 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட நேரும். பல கருவிகள் ஓடும் கூடத்தில் விளக்கு மங்கும். ஒற்றை விளக்கு எரியும் குடிசையில் அது கண்ணைப் பறிக்குமாறு ஒளிர்ந்து கருகும். குறைவாக நுகர்ந்தவனே முதலில் இழப்புறுகிறான்! தீப்பற்றவும் கூடும். விளக்குகள் இவ்வாறு தாறுமாறாக எரியக் கண்டால், தலைமை மின்விசையை நிறுத்துமாறு பெரியோரிடம் கூறி, மின்வாரிய அலுவலகத்திற்கு உடனே தெரிவித்தல் வேண்டும். கம்பியையோ கருவியையோ மாணவர் தொடலாகாது.

இருபுறப் பாரமும் சமமாயின், நடுக்கம்பியில் மின்னோட்டமே இராது. வேறுபாடு எவ்வளவோ அவ்வளவை மட்டும் அது சுமக்கும். அதனால் அதனை வேண்டாத கம்பியென எண்ணுவோரும் உண்டு. ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில்தான் அதன் அருமை விளங்கும். பாரம் ஒவ்வாத பலர் ஒரே இடத்தில் ஊறின்றி வாழ வேண்டுமாயின், அவர்களுக்கிடையே அசையாத ஒரு பொதுநிலை வேண்டும். தாழ்ந்து நிற்பவனைப் பழிக்குமுன் அந்நிலை அறுந்துள்ளதா என்று நோக்குவதே அறிவுடையார் செயல்.