மோட்டார் காயில் எரிஞ்சதுல கிடைச்ச ரெண்டு நாள்

எங்க மேல்மலையனூருக்கு அமாவாசைக்கு அமாவாசை ஊர் ஊரா பஸ் ஏறி ஜனம் வரும். ராத்திரி அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்க சென்னை வண்டி, பெங்களூர் வண்டின்னு ரோடே அடைஞ்சு கிடக்கும். ஆனா உள்ளூர்க்காரங்க நாங்க ஊரைத் தாண்டுறது கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, இந்த மூணுக்குத்தான். மாடு வச்சிருக்கிறவனுக்கு ரெண்டு வேளை கறவை. அதுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது.

போன மாசி ஆரம்பத்துல கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. மல்லாட்டை, உங்க ஊர்ல வேர்க்கடலைன்னு சொல்லுவீங்க, அது விழுது இறங்குற நேரம். மண்ணு இறுகிட்டா விழுது உள்ளே போகாது, போனாலும் காய் பொக்கு. செஞ்சியில காயில் கட்டுறவர் ஏதோ விசேஷத்துக்குப் போயிட்டார். மோட்டாரை எக்ஸெல் வண்டி முன்னால வச்சுக் கட்டிக்கிட்டு திண்டிவனம் போனோம். வீட்டுக்காரம்மாவும் கூட வந்தாங்க. அவங்க சின்னம்மா மக அங்கதான் இருக்கு. மாடும் சினையா இருந்து கறவை நின்னிருந்ததால, தண்ணி காட்டி கட்டறதை எங்க ஓரகத்தி பார்த்துக்கிறேன்னுட்டாங்க.

கடைக்காரர் மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "நாளைக்குக் காலையிலதான் அண்ணே"ன்னுட்டார். எனக்கு மல்லாட்டைக் கொல்லையே கண்ணு முன்னாடி நின்னுச்சு. வீட்டுக்குத் திரும்பிடலாம்னேன்.

"வீட்டுல உக்காந்து பார்த்தா மட்டும் அவர் சீக்கிரமா கட்டிடுவாரா? இங்கிருந்து மரக்காணம் எவ்வளவு தூரங்க?"

வண்டியைக் கிழக்கே திருப்பினேன்.

மரக்காணத்துல முதல்ல பார்த்தது கடல் இல்லை, உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யம் மாதிரி நம்ம பக்கத்துக்கு உப்புன்னா மரக்காணம்தான். வெள்ளை வெளேர்னு குவிச்சு வச்சிருந்தாங்க. வீட்டுக்காரம்மா இறங்கிப் பார்த்துட்டு, "நம்ம பாத்தி மாதிரியே கட்டியிருக்காங்களே"ன்னாங்க. அவங்களும் பாத்தின்னுதான் சொல்றாங்க. வரப்பு, வாய்க்கால், மடை எல்லாமே உண்டு. உவர் தண்ணியை ஒரு பாத்தியில விட்டு வெயில்ல காய வச்சு, தண்ணி கெட்டியாக ஆக அடுத்த பாத்திக்கு மாத்தி, கடைசிப் பாத்தியில உப்பு பூத்ததும் பலகையால வாருறாங்க. நாம தண்ணி வத்தக்கூடாதுன்னு கட்டுற பாத்தியை, அவங்க தண்ணி வத்தணும்னு கட்டுறாங்க.

வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒரு அம்மாகிட்ட பேச்சுக் கொடுத்தோம். எங்க வயசுதான் இருக்கும். காலெல்லாம் வெடிப்பு. மழைக்காலம் முழுக்க வேலை இல்லையாம், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காம். "இன்னும் நாலு மாசம் ஒரு பொட்டு மழை பெய்யக்கூடாதுக்கா. ஒரு மழை அடிச்சா பூத்ததெல்லாம் கரைஞ்சிடும்"னாங்க. வீட்டுக்காரம்மா பதில் சொல்லலை. மழை வேணும்னு போன வாரம்தான் அங்காளம்மனுக்கு வேண்டிக்கிட்டு வந்தவங்க.

அங்கேயே ஒரு மணி நேரம் ஆச்சு. பின்னாடி கடலைப் பார்த்தப்போ ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கலை. "அதுக்கு என்ன, அது பாட்டுக்கு இருக்கு."

கிழக்குக் கடற்கரைச் சாலையில வடக்கே போய் கடப்பாக்கத்துல ஆலம்பறைக் கோட்டை பார்த்தோம். வெயில்ல மணல் மிதிச்சு நடந்தா செங்கல்லும் சுண்ணாம்புமா இடிஞ்ச சுவர், பக்கத்துல கழிமுகம். முகலாயர் காலத்துல கட்டினது. 1750-ல பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு. 1760-ல வெள்ளைக்காரன் பிடிச்சு இடிச்சுட்டான். மிச்சத்துல கொஞ்சம் 2004 சுனாமியில போச்சு. எங்க செஞ்சிக் கோட்டையும் அதே 1750-லதான் பிரெஞ்சுக்காரங்ககிட்ட விழுந்துச்சு, 1761-ல வெள்ளைக்காரன்கிட்ட. கடலோரம் ஒண்ணு, மலை மேல ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே தலையெழுத்து.

திரும்பும்போது பொழுது சாய, மரக்காணத்துக்குத் தெற்கே கழுவெளி ஓரமா நின்னோம். பழவேற்காட்டுக்கு அடுத்து தமிழ்நாட்டுல பெரிய உவர்நீர் ஏரி இது. 2021-ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில நல்ல தண்ணி நிரம்பும், வெயில் ஏற ஏற உப்பு ஏறும். கேமராவோட நின்ன ரெண்டு பசங்க கூழைக்கடா, அரிவாள் மூக்கன், தூரத்துல ரோஸ் கோடு மாதிரி நின்ன பூநாரைன்னு ஒவ்வொண்ணா காட்டினாங்க. நத்தைகுத்தி நாரையை மட்டும் அவங்க காட்டுறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. நடவு வயல்ல நத்தை பொறுக்க வர்றதுதானே. "எங்க கொல்லைக்கு வர்ற சாமி இது"ன்னதும் பசங்க அதை போன்ல குறிச்சுக்கிட்டாங்க.

ராத்திரி திண்டிவனத்துல தங்கிட்டு, காலையில மோட்டாரை வாங்கிக் கட்டிக்கிட்டுக் கிளம்பினோம். செஞ்சி வந்ததும் "ஏங்க, மலை ஏறலாமா?"ன்னாங்க. முட்டி வலிக்கு ஆறு மாசமா தைலம் தேய்க்கிறவங்க! மோட்டாரை ஒரு டீக்கடையில இறக்கி வச்சுட்டு ராஜகிரி ஏறினோம். சுமார் 800 அடி. 2025-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த பிறகு ஊர் பேரு பெருசாயிடுச்சு, படி அதே படிதான். குரங்குங்க தொல்லை வேற, கையில இருந்த வாழைப்பழத்தை ஒண்ணு பிடுங்கிட்டுப் போச்சு. பாதியில கமலக்கண்ணியம்மன் கோயில்ல உக்காந்தது நான். அவங்க நிக்காம போனாங்க. உச்சிக்கு முன்னால பெரிய பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். அந்த வழி ஒண்ணை அடைச்சா மேல எவனும் வர முடியாது. சிவாஜி மகன் ராஜாராமை உள்ளே வச்சு முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரைக்கும் வெளியே கிடந்தது ஏன்னு அங்க நின்னா தெரியும்.

மேல ரங்கநாதர் கோயில்கிட்ட நின்னு, "கடல் எந்தப் பக்கம்?"னு கேட்டாங்க. கிழக்கே காட்டினேன். வெறும் வெயில்தான் தெரிஞ்சது. அப்புறம் வடமேற்கே திரும்பி, எங்க ஊர்ப் பக்கத்து மலைங்களை எண்ணிக்கிட்டு நின்னாங்க.

சாயங்காலம் மோட்டாரை இறக்கி மாட்டினோம். த்ரீ பேஸ் ராத்திரி 11 மணிக்குத்தான் வந்துச்சு. அவங்க டார்ச் அடிக்க, நான் மடை திருப்ப, விடிய விடிய மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ஞ்சது.

பத்து நாள் கழிச்சு, எதிர்பார்க்காத ஒரு மழை. நல்ல மழை, எங்களுக்கு ஒரு தண்ணி மிச்சம். திண்ணையில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தோம். நான் சந்தோஷமா ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"அந்த அக்கா பாத்தி கரைஞ்சிருக்கும் இல்லைங்க?"ன்னாங்க.